பெரும் படகை இழுக்க ஏற்ற ஊர்தி எது? – ஓர் இயற்பியல் நோக்கு

1899 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12 ஆம் நாள் மாலை. இங்கிலாந்தின் தென்மேற்கில், பிரிஸ்டல் கால்வாயின் கரையிலுள்ள லின்மவுத் என்னும் சிற்றூரில் கடும் புயல் வீசிக்கொண்டிருந்தது. 'ஃபாரஸ்ட் ஹால்' என்னும் 1,900 டன் பாய்மரக் கப்பல், தன்னை இழுத்து வந்த வடம் அறுந்து, சுக்கானும் பழுதாகி, போர்லாக் வியர் என்னும் ஊருக்கு அப்பால் அலைகளிடையே தத்தளித்தது. கப்பலில் 18 பேர் இருந்தனர்.

லின்மவுத்தில் 'லூயிசா' என்னும் உயிர்காப்புப் படகு இருந்தது. ஆனால் அலையின் சீற்றத்தால் அதனை அங்கே கடலில் இறக்க இயலவில்லை. படகின் தலைவர் ஜாக் குரோகோம் துணிவான முடிவொன்றை எடுத்தார். படகைத் தரைவழியே மலையேற்றி, 13 மைலுக்கு அப்பால் சற்றே காற்று மறைவான போர்லாக் வியருக்குக் கொண்டு சென்று, அங்கே கடலில் இறக்குவது என்பதே அம்முடிவு.

வண்டியோடு சேர்த்துப் படகின் எடை ஏறத்தாழ 10 டன். 18 குதிரைகளும் சுமார் நூறு மனிதர்களும் கயிறு பிடித்தனர். முன்னால் சிலர் மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு பாதையை அகலப்படுத்திச் சென்றனர். ஏற்றத்தில் சக்கரம் ஒன்று கழன்றது, மீண்டும் மாட்டினர். வண்டி நுழைய முடியாத குறுகிய இடத்தில் படகை மட்டும் மரச்சட்டங்களின்மேல் வழுக்கி இழுத்தனர். வழியில் ஒரு தோட்டச் சுவரை இடித்தனர்; ஒரு மரத்தை வெட்டினர். மறுநாள் காலை ஆறரை மணியளவில் கடற்கரையை அடைந்து, உடனே படகை இறக்கினர். கப்பலிலிருந்த 18 பேரும் உயிர் பிழைத்தனர். ஆனால் குதிரைகளுள் நான்கு, களைப்பு மிகுதியால் இறந்துபோயின.

பெரிய படகொன்றைத் தரையில் இழுக்க எவ்வகை ஊர்தி ஏற்றது என்ற வினா, வாகனம் வாங்குவோரின் விருப்பு வெறுப்பைப் பொறுத்ததன்று என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது. தவறான ஊர்தி, கரையிலேயே மணலில் புதைந்து நிற்கும். கடலில் இருப்பவர் உதவியின்றி மாள்வர். இவ்வினாவுக்கு விடை காண வகுப்பறையில் நாம் படிக்கும் எளிய இயற்பியலே போதும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஏன் இழுக்க வேண்டும்?

படகென்றால் துறைமுகத்தில் மிதந்துகொண்டு நிற்க வேண்டியதுதானே என்று சிலர் கேட்கலாம். எல்லாக் கரையிலும் துறைமுகம் இல்லை. பிரிட்டனின் பல கடற்கரைகள் தட்டையான மணற்பரப்புகள். கடல் வற்றும்போது நீர்விளிம்பு நெடுந்தொலைவு பின்வாங்கிவிடும். 1824 ஆம் ஆண்டு சர் வில்லியம் ஹில்லரியின் முயற்சியால் தோன்றி, மக்களின் நன்கொடையாலும் தொண்டர்களின் உழைப்பாலும் இன்றும் நடைபெற்றுவரும் அந்நாட்டு உயிர்காப்புப் படகுக் கழகம், இத்தகைய இடங்களில் படகைக் கரையிலுள்ள கொட்டகையில் வைத்துக்கொள்கிறது. அழைப்பு வந்தவுடன் அதனை வண்டியோடு மணலைக் கடந்து கொண்டுபோய் நீரில் இறக்க வேண்டும். மீட்புப் பணி முடிந்து திரும்பியதும் மீண்டும் வண்டியில் ஏற்றி இழுத்து வர வேண்டும். இரவும் புயலும் வற்றுக்கடலும் இதற்கு விலக்கல்ல.

ஆற்றலா, விசையா?

'பெரிய படகு, ஆகவே பெரிய எஞ்சின்' என்பதே நம்மில் பலருடைய முதல் எண்ணம். இது சரிதானா என்று லூயிசாவின் பயணத்தைக் கொண்டே சோதித்துப் பார்ப்போம்.

அப்பயணத்தில் அவர்கள் கடந்த உச்சியின் உயரம் 1,423 அடி, அதாவது ஏறத்தாழ 434 மீட்டர். 10,000 கிலோகிராம் நிறையை அவ்வுயரத்துக்கு ஏற்றச் செய்ய வேண்டிய வேலை, நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். அதாவது சுமார் 4 கோடியே 25 இலட்சம் ஜூல். மின்வாரியக் கணக்கில் சொன்னால் இது 12 யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. பயணம் முழுமைக்கும் ஆன பத்தரை மணி நேரத்தால் வகுத்தால், மேடேற்றுவதற்கு மட்டும் தேவைப்பட்ட சராசரித் திறன் ஒன்றரைக் குதிரைத்திறனே! உராய்வை வென்ற வேலை இதில் சேரவில்லை என்றாலும், ஒரு சிறு மொபெட்டின் எஞ்சின் அளவே இது என்பது வியப்பளிக்கிறது.

அப்படியானால் 18 குதிரைகளும் நூறு ஆட்களும் எதற்கு? விடை 'விசை' என்னும் சொல்லில் உள்ளது. கவுண்டிஸ்பரி மலைப்பாதையின் சரிவு நான்கில் ஒன்று. அதாவது நான்கு அடி செல்ல ஓரடி உயர்கிறது. இத்தகைய சாய்தளத்தில் எடையின் கீழ்நோக்கிய கூறு, 10 டன்னுக்கு ஏறத்தாழ 2.4 டன். கரடுமுரடான பாதையில் சக்கரம் உருளுவதற்கான தடை எடையில் இருபதில் ஒரு பங்கு எனக் கொண்டால் மேலும் அரை டன். ஆக, 2,900 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுத்தால்தான் வண்டி அசையும்.

குதிரை ஒன்று தொடர்ந்து இழுக்கக்கூடிய விசை, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய நடைமுறைக் கணக்கு. 700 கிலோ குதிரைக்கு 70 கிலோ. 18 குதிரைக்கு 1,260 கிலோ. நூறு பேர் ஆளுக்கு 20 கிலோ வீதம் இழுத்தால் 2,000 கிலோ. இரண்டையும் கூட்டினால் 3,260. தேவையோ 2,900. எவ்வளவு நெருக்கமான வெற்றி என்று பாருங்கள்! செங்குத்தான ஏற்றம் முடிந்தபின் உதவிக்கு வந்தோரில் பலர் திரும்பிச் சென்றனர்; எஞ்சியோரைக் கொண்டே பயணம் தொடர்ந்தது. சரிவு குறைந்தபோது விசையின் தேவையும் குறைந்ததே இதற்குக் காரணம்.

ஆகவே நம் முதற்பாடம் இது: குதிரைத்திறன் வேகத்தைத் தரும், இழுப்பைத் தருவது விசை. சிறிய எஞ்சினும் தக்க பற்சக்கர அமைப்பின் வழியே, வேகத்தை இழந்து, பெரிய முறுக்கு விசையைச் சக்கரத்துக்கு அளிக்க முடியும். எனவே எஞ்சினின் குதிரைத்திறனை மட்டும் பார்த்து ஊர்தியைத் தேர்ந்தெடுப்பது தவறு.

பிடிப்பே பெரிது

சரி, பற்சக்கரங்களின் உதவியால் எவ்வளவு விசை வேண்டுமானாலும் பெறலாமே, பின் என்ன குறை? குறை தரையில் இருக்கிறது. சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தரை சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இது. ஆனால் தரை அளிக்கும் எதிர்விசைக்கு ஓர் எல்லை உண்டு. இயக்கப்படும் சக்கரங்களின்மேல் உள்ள எடையைப் பிடிப்புக் குணகத்தால் பெருக்கினால் கிடைப்பதே அவ்வெல்லை. அதனைத் தாண்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். உழவுக்குப் பயன்படும் 2 டன் டிராக்டர் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். உலர்ந்த தார்ச்சாலையில் குணகம் 0.7 எனில், நான்கு சக்கரமும் இயங்கும்போது 1,400 கிலோ இழுப்புக் கிடைக்கும். தளர்ந்த மணலில் நிகரக் குணகம் 0.3 எனில் 600 கிலோதான். பின்சக்கரம் இரண்டு மட்டும் இயங்கும் வண்டியானால், அவற்றின்மேல் உள்ள 65 விழுக்காட்டு எடை மட்டுமே பயன்படும். இழுப்பு 390 கிலோவாகக் குறையும்.

இப்போது ஒன்றரை டன் படகைச் சக்கர வண்டியில் வைத்து, இருபதுக்கு ஒன்று என்ற சரிவுள்ள மணலில் மேலேற்ற வேண்டும். மணலில் உருளல் தடை எடையில் ஐந்தில் ஒரு பங்கு எனக் கொண்டால் 300 கிலோ; சரிவுக்கு 75 கிலோ; ஆக 375 கிலோ வேண்டும். டிராக்டர் தன் உடலையும் மேலேற்ற வேண்டும். அதற்கு 100 கிலோ போய்விடும். நான்கு சக்கர இயக்கத்தில் எஞ்சுவது 500, படகு நகரும். இரு சக்கர இயக்கத்தில் எஞ்சுவது 290, படகு நகராது! எஞ்சின் இரண்டிலும் ஒன்றே. எடையும் ஒன்றே. வேறுபாடு, எத்தனை சக்கரம் உழைக்கிறது என்பதில்தான். 'நல்ல எஞ்சின்தான், ஆனாலும் இழுக்கவில்லை' என்று கடற்கரையில் எழும் குறைக்கு இதுவே விளக்கம்.

மணலில் புதையாதிருக்க

பிடிப்புக்கு எடை வேண்டும் என்றோம். ஆனால் எடை மிகுந்தால் மணலில் புதையுமே? இங்குதான் விசைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு கைகொடுக்கிறது. அழுத்தம் என்பது ஓரலகுப் பரப்பின்மேல் செயற்படும் விசை. காற்றடைத்த டயர் தரையில் ஏற்படுத்தும் அழுத்தம், தோராயமாக அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். சதுரச் சென்டிமீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ எனலாம். மணலில் செல்லும்போது டயரின் காற்றைச் சற்றுக் குறைப்பது இதனால்தான். தரையைத் தொடும் பரப்பு விரிந்து அழுத்தம் குறைகிறது.

நம் ஊரில் 'செயின் வண்டி' என்று வழங்கும் சங்கிலிப்பட்டை ஊர்தியைப் பாருங்கள். 10 டன் எடையுள்ள அத்தகைய வண்டிக்கு, இரண்டரை மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள பட்டைகள் இரண்டு எனில், தரையைத் தொடும் பரப்பு 25,000 சதுரச் சென்டிமீட்டர். அழுத்தம் 0.4 கிலோ மட்டுமே. ஏறத்தாழ நடந்து செல்லும் மனிதனின் பாதம் மணலில் ஏற்படுத்தும் அழுத்தம் இது. மேலும் பட்டையின் பற்கள் மணலைக் கவ்விப் பிடிப்பதால் பிடிப்புக் குணகமும் உயர்கிறது. எடை மிகுதி, அழுத்தம் குறைவு, பிடிப்பு மிகுதி என மூன்றும் ஓரிடத்தில் அமைகின்றன.

நீரில் இறங்கினால்

படகை இறக்கும் ஊர்தி கடலுக்குள்ளும் சிறிது தொலைவு செல்ல வேண்டும். அங்கே ஆர்க்கிமிடீஸ் காத்திருக்கிறார்! ஊர்தியின் உடல் 5 கன மீட்டர் கடல்நீரை விலக்கினால், 5 டன்னுக்கும் சற்று மிகுதியான மிதப்பு விசை அதனை மேலே தூக்கும். அவ்வளவு எடை தரையில் படாது; பிடிப்பும் அதே விகிதத்தில் குறையும். எனவே கரையில் நன்றாக இழுத்த இலேசான வண்டி, அலையில் கால் தரிக்காது அலைக்கழியும். நீரில் பணிபுரியும் ஊர்தி கனமானதாக இருத்தல் வேண்டும். அதன் எஞ்சினும் மின்னமைப்பும் நீர் புகாத பெட்டிக்குள் இருத்தல் வேண்டும்.

கொக்கியின் உயரமும் கயிற்றின் வலிமையும்

இழுக்கும் கொக்கி எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதும் முக்கியம். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் 3 டன் விசையுடன் இழுக்கும் டிராக்டரின் முன், பின் சக்கரங்களுக்கு இடைத்தொலைவு 2 மீட்டர் எனில், திருப்புத்திறன் விதிப்படி முக்கால் டன் எடை முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு மாறுகிறது. கொக்கியை மேலும் உயர்த்தினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும், திசைமாற்ற இயலாது, வண்டி பின்புறமாகக் கவிழவும் கூடும். ஆகவே கொக்கி தாழ்ந்திருப்பதே பாதுகாப்பு.

கயிற்றைப் பற்றியும் ஒரு சொல். நைலான் கயிறு இழுவையில் நீளும். 5 டன் விசையில் 2 மீட்டர் நீண்ட கயிறு ஏறத்தாழ 50,000 ஜூல் ஆற்றலைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு டன் காரின் இயக்க ஆற்றல் இது. கயிறு அறுந்தால் இவ்வாற்றல் முழுதும் நொடிப்பொழுதில் வெளிப்படும். இழுபடும் கயிற்றின் நேர்க்கோட்டில் எவரும் நிற்கலாகாது என்ற விதி இதனால் பிறந்தது.

குதிரையிலிருந்து டிராக்டருக்கு

குதிரைகளைக் கொண்டு படகு இறக்கும் வழக்கம் எளிதில் மறையவில்லை. பிரிட்டனின் கழகம் 1920 ஆம் ஆண்டில் ஹன்ஸ்டன்டன் கடற்கரையில் சங்கிலிப்பட்டை டிராக்டரைச் சோதித்துப் பார்த்தது. குதிரைகளைத் தேடிப் பிடித்து வருவதற்குள் காலம் கடந்துவிடும் ஊர்களுக்கு அது பெரும் பேறாயிற்று. நெதர்லாந்தின் அமேலாந்து தீவிலோ 1988 வரை குதிரைகளே படகை இழுத்தன. 1979 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14 ஆம் நாள், மீட்புக்காகப் படகைக் கடலில் இறக்கியபோது 8 குதிரைகள் மூழ்கி இறந்தன. நீரில் மிதப்பு விசையால் கால்பிடி தளரும் என்று மேலே கண்ட உண்மை, உயிருள்ள விலங்குக்கும் பொருந்தும். இயந்திரத்தைப் போல் விலங்கை நீர் புகாத பெட்டிக்குள் வைக்க முடியாதே!

படகுகளும் வளர்ந்தன. 1988 ஆம் ஆண்டு பணிக்கு வந்த 'மெர்சி' வகைப் படகு 11.6 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 14 டன் எடையும் கொண்டது. 2014 ஆம் ஆண்டு டஞ்சனஸ் நிலையத்தில் முதலில் பணியேற்ற 'ஷானன்' வகை 13.6 மீட்டர் நீளமும் 18 டன் எடையும் கொண்டது; வேகம் 25 கடல்மைல். இதற்கெனச் 'சூப்பாகேட்' நிறுவனத்தோடு சேர்ந்து தனி ஊர்தியே வடிவமைக்கப்பட்டது. 450 குதிரைத்திறன் எஞ்சினும் சங்கிலிப்பட்டைகளும் கொண்ட அவ்வூர்தி, 2.4 மீட்டர் ஆழ நீரிலும் பணிபுரியும். நீரில் பழுதாகி நின்றுவிட்டாலும் அதை இறுக மூடிவிட்டு ஓட்டுநர் வெளியேறலாம். கடல் ஏறி 9 மீட்டர் ஆழத்தில் மூழ்கினாலும் உள்ளே நீர் புகாது. திரும்பி வரும் படகு தானாகவே மணலில் ஏறி நிற்க, ஊர்தி அதைத் தன்மேல் இழுத்துக்கொள்கிறது. படகைத் தாங்கும் தொட்டில் சுழல்வதால், அதன் முகத்தை உடனே கடல்நோக்கித் திருப்பி, அடுத்த அழைப்புக்கு ஆயத்தமாக நிறுத்திவிடலாம்.

ஒரு முழுக் கணக்கு

இப்போது நாமே ஓர் ஊர்தியைத் தேர்ந்தெடுப்போம். படகும் தாங்கும் வண்டியும் சேர்ந்து 25 டன். மணலின் உருளல் தடை 0.2, கரையின் சரிவு பத்துக்கு ஒன்று எனக் கொள்வோம். தேவையான இழுப்பு 25-ஐ 0.3-ஆல் பெருக்க 7.5 டன். சங்கிலிப்பட்டையின் நிகரக் குணகம் 0.5, அதில் ஊர்தி தன்னை மேலேற்றிக்கொள்ள 0.1 போய்விடும், எஞ்சுவது 0.4. ஆகவே ஊர்தியின் எடை 7.5-ஐ 0.4-ஆல் வகுக்க, ஏறத்தாழ 19 டன் இருத்தல் வேண்டும். இதே பணிக்கு 0.3 குணகமுள்ள சக்கர ஊர்தியைத் தேர்ந்தால் எஞ்சுவது 0.2, எடை 37.5 டன் ஆகிவிடும்! அவ்வளவு எடையுள்ள சக்கர வண்டி மணலில் புதைந்தே போகும். எஞ்சினைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலே ஊர்தியின் வகையும் எடையும் முடிவாகிவிட்டதை நோக்குக. எஞ்சினின் குதிரைத்திறன், இப்பணியை எவ்வளவு விரைவில் முடிக்க வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கும்.

நம் கரையில்

சோழமண்டலக் கரையும் துறைமுகம் குறைந்த, அலைமோதும் மணற்கரையே. நம் முன்னோர் கண்ட கட்டுமரம், இவ்வினாவை வேறு வழியில் தீர்த்தது. கட்டுகளை அவிழ்த்தால் மரங்களைத் தனித்தனியே தோளில் சுமந்து செல்லலாம். இழுக்க ஊர்தியே வேண்டியதில்லை. பின்னர் ஃபைபர் படகுகள் பரவின. எஞ்சினும் வலையும் சேர்ந்து எடை கூடியதால், பல மீனவ ஊர்களில் இன்று டிராக்டரே படகைக் கரையேற்றுகிறது. அங்கே டிராக்டர் வாங்கும் நண்பர்களுக்கு இக்கட்டுரை தரும் குறிப்புகள் நான்கு: நான்கு சக்கர இயக்கம் வேண்டும், அகன்ற டயரில் காற்றைக் குறைத்து ஓட்ட வேண்டும், கொக்கி தாழ்வாக இருக்க வேண்டும், கடலில் இறங்கிய வண்டியை அன்றே நன்னீரால் கழுவ வேண்டும். இழுக்கும் கயிற்றின் அருகே குழந்தைகளை நிற்க விடலாகாது என்பது ஐந்தாவது, அதுவே முதன்மையானது.

முடிவுரை

எடை, பிடிப்பு, அழுத்தம், மிதப்பு, திருப்புத்திறன் ஆகிய ஐந்தையும் முதலில் கணக்கிட்டு, எஞ்சினைக் கடைசியில் பார்ப்பதே ஏற்ற ஊர்தியைத் தேர்ந்தெடுக்கும் முறை. இவை யாவும் நாம் தேர்வுக்காக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பாடங்களே. லின்மவுத் மக்களிடம் அன்று சங்கிலிப்பட்டை ஊர்தி இல்லை. இருந்ததெல்லாம் கயிறும் குதிரைகளும் நூறு பேரின் தோள்களுமே. அவற்றைக் கொண்டே 18 உயிர்களை மீட்டனர். நான்கு குதிரைகள் அதற்கு விலையாயின. அந்த விலையை இனி எவரும் கொடுக்க வேண்டாதபடி செய்வதற்கே அறிவியல் நமக்குக் கற்பிக்கப்படுகிறது. சாய்தளக் கணக்கை இனிப் போடும்போது, அந்த மலைப்பாதையை ஒருமுறை நினைத்துக்கொள்வோமாக.